இரண்டாவது ஹில்யே

இந்நேரம் வண்டி ஓடையைத் தாண்டியிருக்கும். சக்கரச் சத்தம் கொஞ்ச நேரம் காதில் இருந்தது, பிறகு அதைக் காற்று கொண்டுபோய்விட்டது. இந்த டகோட்டாப் புல்வெளியில் காற்று கொண்டுபோகாத பொருள் எது, துவைத்துப் போட்ட துணி, தொப்பி, பேச்சு, கோழிக்குஞ்சு, எல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, எங்கேதான் போய்ச் சேருமோ. ஃபென்னா படுக்கையில் சாய்ந்திருந்தாள். அதைப் படுக்கை என்பதைவிட அலமாரி என்று சொல்லலாம். சுவரோடு சேர்த்துப் பலகை அடித்து, முன்னால் இரண்டு கதவு வைத்து, மனிதர்கள் உள்ளே படுப்பதற்காக அவள் புருஷன் ஹார்ம் செய்தது. ஹாலந்தில், அவர்கள் பிறந்த குரோனிங்கன் பக்கத்தில், எல்லோரும் இப்படித்தான் தூங்குவார்கள், கதவைச் சாத்திக்கொண்டால் குளிரும் வராது பேயும் வராது என்பார்கள். இங்கே கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது. இப்போது கதவு திறந்துதான் இருந்தது. திறந்திருந்து என்ன, எழுந்து போக முடியாதே. பிள்ளை பெற்றவள் தெம்பு வந்து தன் காலால் கோவிலுக்குப் போகிற நாள் வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தகப்பன்தான் தூக்கிப் போக வேண்டும், போதகர் கேட்டால் பெயரைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். சொல்லப் போகிறான். கோவில் இன்னும் கட்டவில்லை, பக்கத்துப் பண்ணை லாமெர்ட்டின் களஞ்சியத்தில்தான் ஜெபம், மாட்டுக்கும் கர்த்தருக்கும் இப்போதைக்கு ஒரே கூரை. அங்கே போய், தொப்பியைக் கழற்றி, முன்னால் நின்று, ஹில்யே என்று சொல்லப் போகிறான். செத்துப்போன மகளின் பெயரை எடுத்து இந்தச் சின்னதுக்கு வைத்துவிட்டு வரப் போகிறான். வைத்த பிறகு செத்தவளுக்கு என்று என்ன இருக்கும். யோசித்துப் பார்த்தாள். மறுபடி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் இருக்காது.

"காபி ஆறுது பாரு" என்றாள் யாந்தீன். லாமெர்ட்டின் மனைவி. பிள்ளைப்பேறு பார்த்தவளும் அவள்தான், இன்று ஃபென்னாவுக்குத் துணையாக இருந்துவிட்டதால் தன் வீட்டுக் களஞ்சியத்தில் நடக்கிற ஜெபத்துக்கே போகாமல் உட்கார்ந்திருக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு தரம் எட்டிப் பார்க்கிற போதகர், அதையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், நல்லவள், நல்லவள்தான், ஆனால் மூக்கால் மூச்சு விடும்போது ஒரு விசில் வருகிறது, அது வந்துகொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒரு வேலை கிடையாது. உருளைக்கிழங்கை நேற்றே சீவித் தண்ணீரில் போட்டாயிற்று, இன்று கத்தியைத் தொடக் கூடாது, ஊசியைத் தொடக் கூடாது, சட்டையில் ஒரு நூல் தொங்கினால் அது தொங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மற்ற நாளாக இருந்தால் யாந்தீன் எதையாவது பின்னிக்கொண்டிருப்பாள், ஃபென்னாவும் ஒரு காலுறையைக் கையில் எடுத்திருப்பாள், மனசு கண்ட இடத்தில் மேயாது. கை சும்மா இருந்தால் மனசுக்கு நாலு கால். மேலே கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய வீடு, சுவரும் மண், கூரையும் மண், தரையும் மண். உதிர்கிற மண் கஞ்சியில் விழாதிருக்க மேலே ஒரு துணி கட்டியிருக்கிறாள், துணி நிறைந்து தொப்பை போட்டுத் தொங்குகிறது. வந்த முதல் சனிக்கிழமை என்ன செய்தாள், பிறந்த ஊர்ப் பழக்கம், வாளி நிறையத் தண்ணீர் எடுத்துத் தரையை ஊற்றிக் கழுவினாள். மண் தரையை. கழுவக் கழுவச் சேறு. சேற்றைக் கழுவ இன்னும் ஒரு வாளி. ஹார்ம் வாசலில் நின்று பார்த்தான், அவன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். சொன்னது ஹில்யேதான். நடுச் சேற்றில் உட்கார்ந்துகொண்டு, அம்மா இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து. மூன்று வயசு. அன்றைக்கு அவளைக் குளிப்பாட்ட மூன்றாவது வாளி ஆயிற்று, கிணறும் அப்போது கிடையாது, ஓடையிலிருந்து சுமந்த தண்ணீர். ஃபென்னாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால், நாளைக்கு, அடுத்த வருஷம், ஹில்யே சேற்றில் உட்கார்ந்தாள் என்று சொன்னால், எந்த ஹில்யே என்று கேட்பார்கள்.

அதுதான். எந்த ஹில்யே என்று கேட்பார்கள். முதலில் கேட்பார்கள், அப்புறம் கேட்கக்கூட மாட்டார்கள், இதுதான் அது என்று நினைத்துக்கொள்வார்கள், சேற்றில் உட்கார்ந்தது இந்தச் சின்னது என்று இந்தச் சின்னதே நம்பிவிடும். அவர்கள் ஊரில் பெயரை யாரும் யோசித்து வைப்பதில்லை, பெயர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். முதல் பெண்ணுக்குத் தாயைப் பெற்றவள் பெயர், அடுத்தவளுக்குத் தகப்பனைப் பெற்றவள் பெயர். பெயர் வாங்கிய பிள்ளை செத்துப்போனால் பெயர் திரும்ப வரிசையில் முன்னால் வந்து நின்றுகொள்ளும், அடுத்துப் பிறக்கிற பெண் அதை எடுத்துக்கொள்ளும், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொள்கிற மாதிரி. இதில் யாருக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. வருத்தப்பட என்ன இருக்கிறது, பெயர் வீணாகவில்லையே. நேற்றுச் சாயங்காலம் ஹார்ம் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அறுந்த பித்தானைத் தேடிக்கொண்டிருந்தான். இன்றைக்கு விட்டால் இல்லை என்று அவள் வாயைத் திறந்தாள். "ஹார்ம், இதுக்கு வேற பேர் வைக்கலாமா?" அவன் மேசைக்கு அடியில் பார்த்தான். "வேற என்ன பேர்?" "உன் அம்மா பேர். ரூல்ஃபீன்." "அது ரெண்டாவது பொண்ணுக்கு" என்றான். "இது ரெண்டாவது பொண்ணுதானே, ஹார்ம்." அவன் குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான். விளக்கு ஏற்றாத நேரம், முகம் தெரியவில்லை. பிறகு சொன்னான், "உன் அம்மா பேர் சும்மா கிடக்குது. அந்தம்மா அங்க உயிரோட இருக்கறப்பவே நாம பேரை விட்டுட்டோம்னா நல்லாவா இருக்கும்?" பித்தான் கிடைத்துவிட்டது. அவளே தைத்தும் கொடுத்தாள், சூரியன் விழுவதற்குள் தைக்க வேண்டுமே, ஞாயிறு பிறந்துவிட்டால் ஊசி எடுக்க முடியாதே. அவளுக்காகத்தான் அவன் சொல்கிறான், அவள் அம்மாவுக்காகத்தான், அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள், அழுதிருக்க வேண்டும், தரையில் புரண்டு அழுதிருக்க வேண்டும், அவள் என்னடா என்றால் பித்தான் தைத்துக் கொடுத்தாள். அம்மா. அம்மாவின் பெயரை வேண்டாம் என்கிறவள் எப்படிப்பட்ட மகள். கப்பல் கிளம்புகிறபோது அம்மா அழவில்லை, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த கையைத் துடைத்துத் துடைத்து. அம்மாவுக்கு அங்கே பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஹில்யே என்று கூப்பிட்டால் என்ன என்று கேட்க வாய் இருக்கிறது. மேட்டில் புதைந்து கிடக்கிறவளுக்கு என்ன இருக்கிறது.

இன்னும் ஊத்து என்ற அந்தக் குரல்தான் முதலில் போயிற்று. தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு படலம், முதல் பனிக்காலம், சுற்றிலும் பனி ஆள் உயரம், வைத்தியர் என்று ஒருவர் எந்தத் திசையில் இருக்கிறார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. உப்புத்தண்ணீர், வெங்காயம், வெந்நீர் ஆவி, ஜெபம், என்னென்னவோ. அடுப்பில் எரிக்க விறகு கிடையாது, காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கிப் போட வேண்டும், ஹார்ம் முறுக்கிக்கொண்டே இருந்தான், கை கிழிந்து ரத்தம் வந்தது, அவன் நிறுத்தவில்லை. ஹில்யே பேச முடியாமல் பார்த்தாள். இடது கண் எப்போதும் கொஞ்சம் சின்னது, சிரித்தால் மூடியே போய்விடும், அன்றைக்கு இரண்டு கண்ணும் பெரிசாக இருந்தன. ஃபென்னா கூப்பிட்டாள். ஹில்யே. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தக் கண் இந்தப் பக்கம் திரும்பும், திரும்பினால் இருக்கிறாள் என்று அர்த்தம், அதனால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஹில்யே. திரும்பியது. ஹில்யே. திரும்பியது. ஹில்யே. ஹில்யே. ஹில்யே. ஹார்ம் வந்து தோளைப் பிடித்து, போதும் ஃபென்னா என்றான். அவள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். அதற்கு இன்றைக்குவரை பதில் வரவில்லை. அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, ஹார்மும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. கூப்பிட்டது கூப்பிட்டபடி அப்படியே இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும், போன உயிர் போனதுதான், பரலோகத்தில் சுகமாக இருக்கிறாள், அங்கே தொண்டைவலி கிடையாது, எல்லாம் தெரியும். ஆனால் இந்தச் சின்னது நடக்கத் தொடங்கி, முற்றத்தில் ஓடி, இவள் ஹில்யே என்று கூப்பிட்டு, அது இதோ வரேன்மா என்று பதில் சொல்லிவிட்டால்? கூப்பிட்டது ஒருத்தியை, வந்தது இன்னொருத்தி. காத்துக்கொண்டிருந்த இடத்தில் வேறு ஆள் வந்து உட்கார்ந்தாயிற்று. அப்புறம் மூத்தவள் எங்கே போவாள்.

யாந்தீன் எழுந்து அடுப்பில் ஒரு புல்முறுக்கைத் திணித்தாள். அடுப்புக்குத் தீனி போடுவது பாவத்தில் சேர்த்தி இல்லை. புல் சடசடவென்று எரிந்தது. அந்தச் சத்தம் ஃபென்னாவுக்குப் பயம், இங்கே வந்து கற்ற பயம். பிறந்த ஊரில் நெருப்புக்கு யார் பயந்தார்கள், எல்லாப் பயமும் தண்ணீருக்குத்தான். அங்கே நிலம் கடலுக்குக் கீழே இருக்கிறது, தண்ணீரை இறைத்து இறைத்துத்தான் நிலத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அணை உடைந்தால் ஊர் போயிற்று, குழி தோண்டினால் பாதியிலேயே ஊற்று வந்துவிடும். பள்ளத்தில் புதைத்த பிணம் தண்ணீரில் ஊறும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே ஹில்யேயை எங்கே வைப்பது என்றபோது ஹார்ம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மேட்டுல வைப்போம், ஃபென்னா. தண்ணி ஏறாது." அவளும் ஆமாம் என்றாள். மேட்டிலேயே வைப்போம். உறைந்த மண்ணைக் கோடாலியால் வெட்டி, சின்னக் குழிதான், அதுவே அவ்வளவு பாடு. கல் கிடைக்காத ஊர் இது, ஒரு பலகையை எடுத்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, அதில் பெயரைச் சுட்டு எழுதி நட்டான். ஒவ்வொரு எழுத்துக்கும் புகை வந்தது. அந்த ஆண்டு முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் மேட்டுப் பக்கம் போகவில்லை, எங்கிருந்து போகும், இங்கே தண்ணீருக்குக் கிணறு தோண்டியே மனிதர் செத்தார்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் நெருப்பு வந்தது. வானம் பாதி கறுத்து, புல்வெளி முழுக்க ஒரே வரிசையாக, குதிரைகூட அப்படி ஓடாது. வீட்டைச் சுற்றி உழுது வைத்திருந்த மண் அதைத் தடுத்தது, வீடு பிழைத்தது, மாடு பிழைத்தது. ஓடைப் பள்ளத்தில் ஈரக் கோரை பச்சைப்பசேல் என்று அப்படியே நின்றது, ஒரு கோரைகூடக் கருகவில்லை. மேட்டில் காற்றும் காய்ந்த புல்லும், நெருப்பு மேட்டில்தான் விழுந்து விழுந்து எரிந்தது. பலகை எங்கே இருந்தது என்று சாம்பலில்கூடத் தெரியவில்லை. வசந்தத்தில் புல் ஒன்றுபோல முளைத்து மூடிவிட்டது. தண்ணீருக்குப் பயந்து நெருப்பின் வாயில் கொண்டுபோய் வைத்த கெட்டிக்காரர்கள் உலகத்தில் அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். இங்கேதான் என்று ஹார்ம் ஓர் இடத்தைக் காட்டினான், இல்லை அங்கே என்று அவள் வேறோர் இடத்தைக் காட்டினாள். கம்பியால் குத்திப் பார்க்கவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். எந்த இடத்தில் இருக்கிறாளோ, அவள்மேல் கம்பி பட்டுவிட்டால். அதற்குப் பிறகு மேட்டுக்குப் போனால் அவள் எங்கேயும் உட்காருவதில்லை, காலை எடுத்து வைக்கவே யோசனை, சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வந்துவிடுவாள். பலகை போயிற்று, இடம் போயிற்று, பெயர் ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் இப்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"பாட்டு முடிஞ்சு பிரசங்கம் ஆரம்பிச்சிருப்பாரு" என்றாள் யாந்தீன், ஜன்னலில் வெயிலைப் பார்த்து. "இந்தப் போதகர் லேசுல விடமாட்டார். ஞானஸ்நானம் கடைசியிலதான்." கடைசியில்தான். அப்படியென்றால் இன்னும் வைக்கவில்லை. இன்னும் அந்தப் பெயர் மேட்டில் இருக்கிறவளுடையதாகத்தான் இருக்கிறது. இருந்து என்ன, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வாய் மட்டும் எப்படியோ ஓடியது. "யாந்தீன், நீங்க பார்த்த வீடுகள்ல, செத்த பிள்ளை பேரை வைக்காம விட்டவங்க யாராவது உண்டா?" யாந்தீன் காபிக் கோப்பையை எடுத்து, அதற்குள் பார்த்து, வைத்தாள். "நான் மூணாவது யாந்தீன்" என்றாள். ஃபென்னாவுக்குப் புரியவில்லை. "எனக்கு முன்னாடி ரெண்டு பேர். ஒருத்தி பிறந்த வாரமே போயிட்டா. இன்னொருத்தி வாய்க்கால்ல விழுந்துட்டா, அஞ்சு வயசு. அப்புறம் நான். எனக்கு அதனால ஒண்ணும் குறைஞ்சு போகல. நல்லா சாப்பிட்டேன், நல்லா வளர்ந்தேன், பார்த்தாலே தெரியலையா?" தன் இடுப்பைத் தானே தட்டிக் காட்டினாள். ஃபென்னா சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள் போல. பிறகு, யாரும் கேட்காமலே, குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னாள். "எங்கம்மா என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவா. தம்பிங்களைக் கூப்பிடறப்ப அது கிடையாது, சட்டுனு கூப்பிடுவா. எனக்கு மட்டும் ஒரு மூச்சு, அப்புறம் யாந்தீன். கடைசிவரைக்கும் அப்படித்தான். அது என்னன்னு நான் கேட்டதில்ல. கேட்டு என்ன ஆகப்போகுது." அடுப்பின் இரும்புக் கதவை அடித்துச் சாத்தினாள். "பழகிடும், பெண்ணே. உனக்கும் பழகிடும், அதுக்கும் பழகிடும்."

ஒரு மூச்சு. ஆயுசு முழுக்க ஒரு மூச்சு. இதை அவள் யோசிக்கவே இல்லையே. மேட்டில் இருக்கிறவளைப் பற்றியே நினைத்து நினைத்து, வண்டியில் போகிறதைப் பற்றி ஒரு தரமாவது நினைத்தாளா. சிவப்பாக, சுருங்கிப்போய், தலையில் ஈரக் கோழிக்குஞ்சின் மயிர், அது என்ன பாவம் செய்தது. எதைக் கேட்டது. அதற்கு ஒரு தொட்டில், ஒரு மார்பு, அவ்வளவுதான் தெரியும், அதன் தலையில் கொண்டுபோய் ஒரு செத்த பிள்ளையை ஏற்றி, இனிமேல் நீ அவள் என்று சொல்லி அனுப்புகிறோம். அது ஓடிவரும்போதெல்லாம் இவள் ஒரு மூச்சு விடுவாள். விடாமல் இருக்க முடியுமா. முடியாது. அந்த மூச்சை அது ஒரு நாள் கவனிக்கும், யாந்தீனைப் போலவே கேட்காமல் வைத்துக்கொள்ளும். இவளுக்கும் துரோகம் அவளுக்கும் துரோகம், ஒரே பெயரால் இரண்டு பேருக்கும். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால். குழந்தை போய் நேரமாகிவிட்டது என்று மனசுக்கு முன்னால் மார்புக்குத் தெரிந்துவிட்டது, கட்டிக்கொண்டு கல்லாக வலித்தது. இந்த உடம்புக்கு எந்தப் பெயரும் வேண்டாம், பசிக்கிற வாய் எதுவானாலும் போதும், வெட்கம் கெட்ட உடம்பு. அங்கே அது அழுதுகொண்டிருக்கும். ஹார்முக்கு அதைத் தோளில் போடத் தெரியாது, விறகுக்கட்டு மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பான். போக வேண்டும். ஓடையைத் தாண்டினால் லாமெர்ட் வீடு, எவ்வளவு தூரம், நல்ல நாளில் தயிர்ப்பானையோடு நடந்திருக்கிறாள். போய் நின்று, பெற்றவள் நான் சொல்கிறேன், இதற்கு இதன் சொந்தப் பெயர் வேண்டும் என்று சொல்ல வேண்டும். கோவிலில் பெண் பேசக் கூடாது, ஆனால் அது களஞ்சியம்தானே. காலைக் கீழே வைத்தாள். தரை சில்லென்று இருந்தது. எழுந்துவிட்டாள், எழுந்து நின்றே விட்டாள், ஜன்னல் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மேலே தொங்கிய துணி கீழே வந்தது, தொடை வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. யாந்தீனின் பருத்த கை இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. "எங்க போற?" ஃபென்னா கதவைப் பார்த்தாள். "எங்க போற சொல்லு, நான் கொண்டுவந்து தரேன்." கொண்டுவந்து தருகிற பொருளாக இருந்தால் கேட்டிருக்க மாட்டாளா. யாந்தீன் அவளைத் தூக்காத குறையாகப் படுக்க வைத்து, துணி மாற்றி, காலுக்கடியில் தலையணை வைத்து, "இந்த நிலைமையில வாசல் வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டே" என்றாள், திட்டவில்லை, வெறும் தகவலாகத்தான் சொன்னாள். ஃபென்னா அழுதாள். சத்தமில்லாமல் காதுக்குள் கண்ணீர் ஓடியது. கர்த்தாவே, ஹார்ம் வாய் திறக்காமல் இருக்கட்டும். போதகருக்குத் தொண்டை கட்டட்டும். மழை வரட்டும். ஒரு தரம், ஒரே ஒரு தரம் அவன் ரூல்ஃபீன் என்று சொல்லட்டும், அப்புறம் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இப்படிப் பேரம் பேசி ஏற்கெனவே ஒரு தரம் தோற்றவள் அவள், வெங்காயமும் உப்புத்தண்ணீருமாக இருந்த அந்த நாட்களில். ஆனாலும் பேசினாள். வேறு என்ன செய்வாள்.

தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. சக்கரச் சத்தம் வீட்டுக்கு மிக அருகில் கேட்டது, குதிரை மூக்கைச் சீறியது, குழந்தையின் அழுகை கதவுக்கு முன்னால் வந்தது. ஹார்ம் குனிந்து உள்ளே வந்தான், அந்த வாசலில் அவன் குனிய மறக்கவே மாட்டான், எதையும் மறக்க மாட்டான். குழந்தையின் நெற்றியில் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. யாந்தீன் அதை வாங்கி, சால்வையைப் பிரித்து, "எல்லாம் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் குழந்தையை ஃபென்னாவின் பக்கத்தில் கிடத்திவிட்டு, தன் சால்வையை மாட்டிக்கொண்டு, அந்த அம்மாளுக்கும் சில விஷயங்கள் தெரியும், வெளியே வண்டிக் குதிரையைப் பார்க்கிறேன் என்று போய்விட்டாள். ஃபென்னா பெயரைக் கேட்கவில்லை. கேட்காதவரை வைக்கவில்லை. குழந்தை வாயைத் திறந்து திறந்து தேடியது, அவள் இன்னும் சட்டையின் முடிச்சை அவிழ்க்கவில்லை. ஹார்ம் அலமாரிப் படுக்கையின் ஓரத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தான். நேற்று அவள் தைத்த பித்தான் நெஞ்சில் இருந்தது.

"போகும்போது பூரா சொல்லிப் பார்த்துக்கிட்டே போனேன்" என்றான். "நீ சொன்ன பேரை. ரூல்ஃபீன், ரூல்ஃபீன்னு. மறந்துடக் கூடாதுன்னு."

அவள் தலையைத் திருப்பினாள்.

"முன்னால போய் நின்னேன். போதகர் கேட்டார், பிள்ளைக்கு என்ன பேர்னு. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "இப்ப ரூல்ஃபீன்னு சொல்லிட்டா, இனி நம்ம வீட்டுல மூத்தவ பேரைச் சொல்லவே முடியாதுன்னு தோணிச்சு. சொல்ற சந்தர்ப்பமே வராது. நீயும் சொல்றதில்ல, நானும் சொல்றதில்ல. வயல்ல, ஆளில்லாத இடத்துல, நான் மட்டும் சொல்லுவேன். மாட்டுக்கிட்ட. ஏர்ல போகும்போது. வேற எங்க சொல்றது?"

வயலில். மாட்டிடம். ஏர் போகிற திசையெல்லாம் அவன் அதைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான், அந்தக் காற்று அவளுக்கு ஒரு தரம்கூடக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

"அப்ப நீ அவ பேரைச் சொன்னியா?"

"நான் எதையும் சொல்லல. அந்தப் பேரும் இந்தப் பேரும் வாயில மாட்டிக்கிட்டு நிக்குது. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, பின்னால யாரோ இருமினாங்க. லாமெர்ட்தான் பக்கத்துல இருந்து, ஃபென்னா அம்மா பேர்தானே, ஹில்யேதானேன்னு எடுத்துக் கொடுத்தான். போதகர் என்னைப் பார்த்தார். நான் இல்லேன்னு சொல்லணும்." நிறுத்தினான். "சொல்லல. தண்ணி விழுந்துடுச்சு."

அவ்வளவுதான். யாரும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை, லாமெர்ட் பாவம் உதவி செய்தான், போதகர் கேட்டதை எழுதிக்கொண்டார், தண்ணீர் விழுந்தது. இதற்கு யாரைப் பிடித்து உலுக்குவது. இவ்வளவு நேரம் அவன்மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அது இருந்த இடத்தில் பெரிய கைகளோடு ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான், ஏர் மேழியைப் பிடித்துக்கொண்டு மாட்டுக்கு மகள் பெயரைச் சொல்கிறவன். குழந்தை இப்போது வீறிட்டது. அவள் முடிச்சை அவிழ்த்தாள், குழந்தை காம்பைத் தவறவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதது. ஹார்ம் குனிந்தான். அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டான். பிறகு, அவள் முன்னால், இந்த வீட்டுக்குள், "ஹில்யே" என்று கூப்பிட்டான். ரொம்ப மெதுவாக.

அந்தப் பெயருக்கு ஃபென்னாவின் கண் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், ஒவ்வொரு நாளும் போகிற வழி, ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் மேடு. பிடித்து நிறுத்துவதற்குள் கண் போய்விட்டது, ஆனால் ஜன்னலுக்கு இல்லை, கீழே. மார்பில் கிடந்த சிவந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.